ஆறவிட்ட இன்ஜின்

எங்க வீட்டுல எதையும் சூடா தொடமாட்டாங்க. டீ போட்டா ஆறணும். சோறு வடிச்சா ஆறணும். இஸ்திரி போட்ட சட்டையைக்கூட என் மாமனார் ஆணியில மாட்டி, ஆறினதுக்கு அப்புறம்தான் உடம்புல போடுவாரு. சண்டை வந்தா கேக்கவே வேணாம். ஆறப்போட்டு ஊறப்போட்டு, எதுக்குச் சண்டை போட்டோம்னு எல்லாருக்கும் மறந்துபோற வரைக்கும் விட்டுடுவாங்க. கேட்டா, "பதறாத காரியம் சிதறாதும்மா"ம்பாரு. அவர் பெத்த பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், அப்பாவை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி. அந்தக் குடும்பத்துல சூடுன்னா நான் ஒருத்திதான். தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்தறேன். ஸ்கூல்னதும் பெரிசா நினைச்சுக்காதீங்க. ஒரே ஒரு டீசல் கார், பக்கத்து சீட்டுலயும் பிரேக், கிளட்ச் வச்சது. மேல ஒரு போர்டு, உள்ள நான். அவ்வளவுதான் ஸ்கூல். ஆனா என்கிட்ட கத்துக்கிட்டவங்கள்ல லைசென்ஸ் வாங்காத ஆள் கிடையாது, ஒருத்தரைத் தவிர. அந்த ஒருத்தர் என் மாமியார்.

அத்தை மூணு தடவை டெஸ்டுக்குப் போய் மூணு தடவையும் ஃபெயில். ஓட்டத் தெரியாம இல்ல, நல்லாவே ஓட்டுவாங்க. நிறுத்தறதுதான் அவங்க வியாதி. தெருவோரமா நாய் படுத்திருந்தா நிறுத்துவாங்க. பிளாஸ்டிக் பை பறந்து வந்தா நிறுத்துவாங்க. யாராவது அவங்கவங்க வீட்டு வாசல்ல நின்னு பல் விளக்கிட்டு இருந்தாக்கூட, ஒருவேளை ரோட்டைத் தாண்டுவாரோன்னு நிறுத்திட்டு, அந்த ஆள் வாய் கொப்பளிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருப்பாங்க. அந்த அவசரத்துல கிளட்ச்சை மறந்துடுவாங்க, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைஞ்சுபோகும். டெஸ்ட் எடுக்கிற ஆபீசர் மூணாவது தடவை பொறுக்கமாட்டாம கேட்டே கேட்டுட்டாரு: "ஏம்மா, நீங்க வண்டி ஓட்ட வந்தீங்களா, நிறுத்த வந்தீங்களா?"

நாலாவது தடவையும் போச்சுன்னா திரும்ப அ, ஆ-வுல இருந்து ஆரம்பிக்கணும். எழுத்துப் பரீட்சை, கண் பரீட்சை, வரிசையில நிக்கிறது, எல்லாம். "இன்னொரு தடவை முதல்ல இருந்துன்னா எனக்குத் தெம்பு இல்லம்மா, விட்டுடுவேன்"னாங்க அத்தை. இந்த வயசுல எதுக்கு லைசென்ஸ்னு மாமா கேட்டுக் கேட்டுச் சிரிச்சாரு. அவர்கிட்ட பதில் சொல்லல. என்கிட்ட மட்டும் தனியா, "எனக்கு வேணும்"னு சொன்னாங்க. அவங்க வாயில இருந்து 'வேணும்'னு ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், தலைகீழா நின்னாவது இந்த அம்மாவுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுக்கிறதுன்னு. வியாழக்கிழமை டெஸ்ட்னு தேதியும் வந்துச்சு.

அந்த நேரம் பாத்துக் குளிர் வந்துச்சு. டீசல் வண்டிக்குக் குளிர்னா ஆகாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் இருக்கும், விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. சாவியைப் போட்டதும் அது பழுக்கக் காஞ்சு உள்ள சூடு பண்ணும், அப்புறம்தான் டீசல் பத்திக்கும். எங்க வண்டியில நாலுல மூணு செத்துப்போச்சு. காலைல சாவியைத் திருப்பினா வண்டி லொக்கு லொக்குன்னு இருமிட்டுப் படுத்துக்கும். மெக்கானிக்கிட்ட விட்டுடலாம்னு நான் சொன்னேன். அங்கதான் என் வீட்டுக்காரர் குறுக்க வந்தாரு.

"பிளக் மாத்தறதுக்கு எதுக்கு மெக்கானிக்? நான் வீடியோ பாத்துட்டேன்."

மனுஷன் வேலை பாக்கிறது இன்சூரன்ஸ் ஆபீசுல. பொண்டாட்டிக்கு உதவணும்ங்கிற ஆசையைக் குறை சொல்லமாட்டேன். புது பிளக், ஸ்பேனர், கையுறை, நெத்தியில கட்டிக்கிற லைட்டு எல்லாம் வாங்கிட்டு வந்துட்டாரு. அந்த வீடியோவை நானும் பாத்தேன். அதுல அந்த ஆள் எடுத்த எடுப்புல சொல்றான்: இன்ஜினை நல்லா ஓட்டிச் சூடு பண்ணு, சூடா இருக்கும்போதே பிளக்கைத் திருப்பு. கரி பிடிச்சு இறுகின பிளக் சூட்டுலதான் இளகும், ஆறிப்போச்சுன்னா கடிச்சுக்கும். என் வீட்டுக்காரர் பக்தியா தலையை ஆட்டிக் கேட்டாரு. சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைத் தள்ளிக் கிளப்பி, ஊரைச் சுத்தி ஓட்டி, நல்லாச் சூடு பண்ணிக் கொண்டுவந்து நிறுத்தினாரு. பானெட்டைத் திறந்தாரு. விடிய விடிய ஆறவிட்டாரு.

ஏங்க இப்படின்னு கேட்டேன்.

"சூடா இருக்கும்போது கையை வச்சா சுடாதா?"

"அப்ப எதுக்குங்க சூடு பண்ணீங்க?"

"வீடியோவுல சொன்னானே!"

ஞாயித்துக்கிழமை காலைல நான் மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். கீழ 'டக்'னு ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்ல. இவர் சத்தம் போட்டா பயப்படமாட்டேன், சத்தம் போடாம இருந்தாதான் பயப்படுவேன். இறங்கி வந்து பாத்தா ஸ்பேனரைக் கையில பிடிச்சுட்டு நிக்கிறாரு. ஸ்பேனர் வாயில பிளக்கோட தலை இருக்கு. உடம்பு இன்ஜினுக்குள்ள இருக்கு.

"பாதி வந்துடுச்சு" அப்படின்னாரு.

இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்னு சொல்லுவாங்களே, அந்தப் பிளக் கதை அதுதான். உயிரோட இருந்தப்பவும் உருப்படியா வேலை செய்யல, செத்ததும் குழியை விட்டு வெளிய வரமாட்டேங்குது. பிடிச்சு இழுக்கத் தலை இல்ல. உள்ள தள்ளினா சிலிண்டர்ல விழும், விழுந்தா இன்ஜினோட மேல்மூடி, அந்த ஹெட்டையே இறக்கணும், ஹெட்டை இறக்கினா வண்டி என்னைக்குத் திரும்பும்னு எந்த மெக்கானிக்கும் வாயைத் திறந்து சொல்லமாட்டான். மத்த பிளக்கைத் தொட இவருக்கும் தைரியம் போச்சு. தள்ளிக் கிளப்பற வண்டியை டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போகவும் முடியாது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா ஆயிடுச்சு.

நான் கத்தின கத்துல எதிர்வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்துச்சு. "முதல்ல நீ கொஞ்சம் ஆறிக்க"ன்னாரு மாமா. ஆறின கஞ்சி பழங்கஞ்சின்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னேன். திங்கக்கிழமையும் கத்தினேன். செவ்வாய்க்கிழமை தொண்டை கட்டிக்கிச்சு. "அத்தை, வேணும்னா டெஸ்டை அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போட்டுக்கலாமே"ன்னேன். தள்ளிப்போட்டா மறுபடி எப்ப தேதி கிடைக்கும்னு கடவுளுக்குத்தான் தெரியும். அத்தை என்னை ஒரு மாதிரியா பாத்தாங்க. துணி மடிக்கப் போயிட்டாங்க.

அந்தப் பார்வை தாங்காமதான் நாலு பேர்கிட்ட விசாரிச்சு 'பல் டாக்டரை'ப் பிடிச்சேன். நிஜப் பல் டாக்டர் இல்ல. உடைஞ்ச ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கறது ஒண்ணுதான் அவர் தொழில். பையைத் தூக்கிட்டு வீடு வீடா வருவாரு, வேற எந்த ரிப்பேரையும் கையால தொடமாட்டாரு. போன்லயே ஒரு மூச்சு பெருமை பேசினாரு. "டீச்சர், ஹெட்டை இறக்காம எடுக்கிறதுக்கு என்னை விட்டா நான்தான்." சரிப்பா, வந்து எடுன்னேன். ரெண்டே ரெண்டு கண்டிஷன் போட்டாரு. உடைஞ்ச இடத்துல எண்ணெய் விட்டு ஊறவிடணும். அவர் வரும்போது இன்ஜின் கை வைக்கமுடியாத சூட்டுல இருக்கணும். ஊறவிடறதை என் வீட்டுக்காரர் ரொம்ப ஆசையா செஞ்சாரு. அது அவங்க பரம்பரைத் தொழில் ஆச்சே.

புதன்கிழமை மத்தியானம் வர்றதா பேச்சு. எங்க தெரு நல்ல சரிவு. எல்லாரும் சேர்ந்து தள்ளிவிட, நானே ஓட்டிட்டுப் போய் இன்ஜினைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்ப பல் டாக்டர்கிட்ட இருந்து போன், வழியில டிராபிக்காம், கொஞ்சம் லேட் ஆகுமாம். சூடு அவ்வளவு சீக்கிரம் போகாதுன்னு நான் உள்ள போய், அடுத்த வாரம் சேர வேண்டிய ரெண்டு பேர்கிட்ட போன்ல பேசிட்டு இருந்தேன்.

பேசி முடிச்சு வெளிய வந்தா பல் டாக்டர் வந்து நிக்கிறாரு. இன்ஜின் மேல கையை வச்சு அப்படியே வச்சிருக்காரு.

"என்ன டீச்சர், பிணம் மாதிரி ஜில்லுனு இருக்கு?"

திரும்பிப் பாக்கிறேன். ஹால்ல இருக்கிற டேபிள் ஃபேன் ஒரு முக்காலி மேல உக்காந்து, இன்ஜினைப் பாத்துச் சுத்திட்டு இருக்கு. ஜன்னல் வழியா ஒயர் இழுத்திருக்காங்க. இன்ஜின் மேல ஈரத்துண்டு வேற. பக்கத்துல அப்பாவும் பிள்ளையும், கல்யாண வீட்டுல பன்னீர் தெளிக்கிறவங்க மாதிரி சிரிச்சுட்டு நிக்கிறாங்க.

"வந்த மனுஷன் கை சுட்டுடக்கூடாதுல்ல" அப்படின்னாரு மாமா.

நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. பல் டாக்டர் துண்டை எடுத்து வீசிட்டு, "சூட்டு மேல ஈரம் பட்டு ஹெட் விரிசல் விடாம இருந்ததே உங்க அதிர்ஷ்டம் சார்"னாரு. கைக்கடிகாரத்தைப் பாத்தாரு. "ஒரு மணி நேரம் இருப்பேன். அப்புறம் வெளியூர் போகணும். அதுக்குள்ள சூடு பண்ணிக் கொண்டுவந்தா பாக்கறேன். இல்லேன்னா அடுத்த வாரம்தான்."

விடிஞ்சா டெஸ்ட். அத்தை வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தாங்க. படி இறங்கி வந்தாங்க. ஃபேனை ஒரு பார்வை பாத்தாங்க. குனிஞ்சு ஒயரைப் பிடுங்கிப் போட்டுட்டு, நேரா போய் டிரைவர் சீட்டுல உக்காந்தாங்க.

"தள்ளுங்க."

இத்தனை வருஷத்துல அவங்க அந்த வீட்டுல போட்ட முதல் உத்தரவு அதுதான்னு நினைக்கிறேன். மாமா வாயைப் பொளந்துட்டு நின்னாரு. அப்புறம் தள்ளினாரு. என் வீட்டுக்காரர் தள்ளினாரு, நான் தள்ளினேன், பல் டாக்டரும் தலையில அடிச்சுக்கிட்டே தள்ளினாரு. சரிவுல வண்டி வேகம் பிடிச்சதும் கிளட்ச்சை விட்டாங்க பாருங்க, ஒரு கெட்டிக்காரி விடற மாதிரி. வண்டி உறுமிட்டுக் கிளம்பிடுச்சு. நான் செருப்பை ஒரு பக்கம் விட்டுட்டு ஓடிப்போய் பக்கத்து சீட்டுல விழுந்தேன்.

"நின்னா மறுபடி கிளம்பாதுல்ல?"

"கிளம்பாது அத்தை."

"சரி."

மூலையில அதே நாய் படுத்திருந்துச்சு. ஹார்ன் அடிச்சாங்க. அது எழுந்து போச்சு. பிளாஸ்டிக் பை பறந்து வந்துச்சு, அது மேலயே விட்டாங்க. சிக்னல்ல சிவப்பு விழுந்துச்சு. அழகா கிளட்ச்சை மிதிச்சு, கோட்டுல நிறுத்தி, பச்சை விழுந்ததும் எடுத்தாங்க. வண்டி அணையல. என் பக்கத்து பிரேக் மேல காலை வச்சுக்கிட்டே இருந்தேன், அதுக்கு வேலையே வரல. இதைத்தானே இவ்வளவு நாளா தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன்! நான் கத்தினப்ப வராதது அந்த ஃபேனைப் பாத்ததும் வந்துடுச்சு.

"இங்க திரும்பணும் அத்தை."

"ம்."

திரும்பல. நெடுஞ்சாலையில ஏறிட்டாங்க. அங்க ஒரு டீக்கடை, லாரிக்காரங்க நிறுத்தற இடம். ஓரமா நிறுத்தி, கியரை எடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டுட்டே இறங்கினாங்க. "நீ பாத்துக்க"ன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போய் கொதிக்கக் கொதிக்க ஒரு டீ வாங்கினாங்க. ஊதல. ஆத்தல. அப்படியே வாயில வச்சாங்க.

"ஐயோ, நாக்கு வெந்துடுச்சு!"ன்னு கத்தினாங்க. கண்ணுல தண்ணி வழியுது, மூஞ்சி பூரா சிரிப்பு. லாரிக்காரர் ஒருத்தர் திரும்பிப் பாத்தாரு.

"கல்யாணம் ஆகி வந்த மறுநாள் டீயை வாய்கிட்ட கொண்டுபோனேன்மா. 'ஆறட்டும்'னாரு உன் மாமா. அன்னையிலேருந்து இன்னும் ஆறிட்டே இருக்கு."

"நீங்கதானே அத்தை போடறீங்க? சமையல்கட்டுலயே சூடா குடிச்சுட்டு வரவேண்டியதுதானே?"

"எல்லாரும் ஆறறதுக்குக் காத்துட்டு உக்காந்திருக்கும்போது நான் மட்டும் எப்படிம்மா குடிக்கிறது?"

இதுக்குத்தான் லைசென்ஸ். ஒரு டீ குடிக்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவங்க இன்னொரு டீயும் வாங்கிக் குடிச்சாங்க.

வீட்டுக்கு வந்தப்ப இன்ஜின் அடுப்பா கொதிச்சுது. பல் டாக்டர் தொட்டுப் பாத்துட்டுக் கையை உதறினாரு, மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். டிரில் நுனியில கிரீஸைத் தடவினாரு, இரும்புத் துகள் உள்ள விழாம அதுல ஒட்டிக்குமாம். உடைஞ்ச பிளக்கோட நடுவுல நேரா ஒரு துளை போட்டாரு. அந்தத் துளையில இடது மரை வச்ச, திருப்பத் திருப்ப பிளக்கைக் கவ்விக்கிற ஒரு கம்பியை இறக்கி, மெதுவா, மெதுவா திருப்பினாரு. கொஞ்சம் கழட்டறது, பாதி திரும்ப முறுக்கறது, மறுபடி கழட்டறது. 'கிறீச்'னு ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கிட்டாரு.

"ரொம்ப சூடா இருக்கே தம்பி, ஒரு பத்து நிமிஷம்..."னு மாமா ஆரம்பிச்சாரு.

"பெரியவரே, நீங்க கொஞ்சம் உள்ள போய் உக்காருங்க."

மாமா உள்ள போகல, ஆனா வாயை மூடிக்கிட்டாரு. பிளக்கோட மரைப் பாகம் வந்துடுச்சு, நுனிக் குச்சி மட்டும் கரியில மாட்டிக்கிட்டு நின்னுச்சு. விழுந்தா ஹெட்டை இறக்கணும், நாளைக்கு டெஸ்ட் இல்ல. பல் டாக்டர் அதுல இன்னொரு கம்பியை மாட்டி, அந்தக் கம்பியில கோத்திருந்த இரும்புக் குண்டை இழுத்து இழுத்து அடிச்சாரு. டங். டங். அத்தை முந்தானையை வாயில கடிச்சுட்டு நின்னாங்க. மூணாவது அடியிலயோ நாலாவது அடியிலயோ, கரியோட கரியா அது வெளிய வந்து அவர் உள்ளங்கையில உக்காந்துச்சு. உடனே அதைப் போட்டோ எடுத்தாரு. மத்த மூணு பிளக்கும் சூட்டுல வெண்ணெயில இருந்து கத்தியை உருவற மாதிரி வந்துடுச்சு. "பாத்தீங்களா சார், சூடா இருந்தா தானா வரும்"னாரு. "ஆமா, வீடியோவுலயும் சொன்னான்" அப்படின்னாரு என் வீட்டுக்காரர். புது பிளக்கை மாட்ட நான் கையில ஸ்பேனர் வச்சிருந்தேன், ஆனாலும் பொறுத்துக்கிட்டேன்.

மறுநாள் வண்டி சாவியைத் திருப்பின உடனே பத்திக்கிச்சு. அத்தை பாஸ். ஆபீசர் இறங்கும்போது, "என்னம்மா, இந்தத் தடவை எங்கயுமே நிறுத்தலையே?"ன்னு குறை மாதிரி கேட்டாரு. "நிறுத்தவேண்டிய இடத்துல நிறுத்தினேனே சார்"னாங்க அத்தை. நான் அவர் முன்னாடியே அத்தையைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டேன்.

லைசென்ஸ் வீட்டுக்கு வந்துச்சு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முன்னும் பின்னும் படிச்சுப் பாத்தாரு. "ரொம்ப சந்தோஷம். பீரோவுல பத்திரமா இருக்கட்டும். கொஞ்ச நாள் போகட்டும், என்ன அவசரம்?"னு உள்ள வச்சாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா சரி, பெரியவர், நல்ல நாள் அதுவுமா எதுக்குன்னு விட்டுட்டேன்.

மறுநாள் காலைல அத்தை நல்ல புடவை கட்டி, கைப்பையை மாட்டிக்கிட்டு, கார் சாவியோட வெளிய வந்தாங்க. பீரோவைத் திறந்து லைசென்ஸை எடுத்துட்டாங்கன்னு பையைப் பிடிச்ச விதத்துலயே தெரிஞ்சுது. எனக்கு அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் கிளாஸ் இல்ல, வண்டி சும்மாதான் நின்னுச்சு. மாமாவும் பிள்ளையும் வாசலுக்கு வந்து முழிச்சாங்க. அத்தை உள்ள உக்காந்து பெல்ட்டைப் போட்டுக்கிட்டாங்க. நான் போய் ஜன்னல்கிட்ட குனிஞ்சேன்.

"மேகமா இருக்கே அத்தை. ரோடு வழுக்கும். ஞாயித்துக்கிழமை போலாமே, நானும் கூட வரேன். இப்ப என்ன அவசரம்?"

அத்தை என் மூஞ்சியையே பாத்தாங்க. அவங்க கோவப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். பாவம் பாக்கிற மாதிரி பாத்தாங்க. ஜன்னல் வழியா கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாங்க.

"இந்த வீட்டுக்கு வந்தப்ப நான் உன்னைவிட அதிகமா கொதிச்சேன்டி" அப்படின்னாங்க.

சாவியைத் திருப்பினாங்க. வண்டி ஒரு இருமல்கூட இல்லாம கிளம்பிச்சு. தெருக்கோடி வரைக்கும் போய், இண்டிகேட்டர் போட்டு, ரெண்டு பக்கமும் பாத்து, திரும்பிப் போயிட்டாங்க. வாசல்ல மாமா நின்னுட்டு இருந்தாரு. அவர் பக்கத்துல என் வீட்டுக்காரர் நின்னுட்டு இருந்தாரு. நானும் போய் அவங்க பக்கத்துல நின்னேன்.